ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே டோக்கன் கொடுக்கும் கவுன்டரில் நான் உட்கார்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. உள்ளே படம் எடுப்பவர் அதற்கும் ஒன்பது வருடம் முன்னால் வந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு அவர் 'மூச்சடக்கி'. ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் "மூச்ச நல்லா இழுங்க, அடக்குங்க, ம், விடுங்க" என்று சொல்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது. கோபித்துக்கொண்டதில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில்கூடக் கோபப்படமாட்டார் என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம்.

அவர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத் தகடு வைத்திருப்பதால் அதை இழுத்து மூட இரண்டு கை வேண்டும். வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே படம் எடுக்கிறார் என்று அர்த்தம், யாரும் நுழையக் கூடாது. காலை எட்டு மணிக்கு உள்ளே போகிறவர், வெளியே வெயிலா மழையா என்பதை நடுநடுவே தலையை நீட்டி என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். நான் சில நாள் வேண்டுமென்றே பொய் சொல்வேன். சாயங்காலம் குடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போவார், மறுநாள் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

இந்த வேலைக்கு அவர் வந்த கதை அரை நிமிடக் கதை. பள்ளிக்கூடம் முடித்த வாரம் அவருடைய பெரியப்பா வந்து, "எக்ஸ்ரே படிப்புல ஒரு எடம் இருக்கு, நாளைக்குப் போய்ச் சேந்துரு" என்றார். போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் ஒருமுறை வாயைக் கிளறினேன். லெட் ஏப்ரனை, அதுதான் ஈயம் வைத்துத் தைத்த அந்தக் கனத்த கவசத்தை, கழற்றி மாட்டிக்கொண்டே நெடுநேரம் யோசித்தார். "வெளியில இருக்கிற வேல எதாவது" என்றார். அத்தனை வருடம் கழித்தும் அதற்கு மேல் ஒரு பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

ஆனால் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மனைவி கேட்டாலும் மகள் கேட்டாலும் "நல்ல வேலதான்" என்பதோடு சரி.

அந்த மகளுக்குப் பதினாறு வயது. ஒரே பெண். அவள் படிக்கும் பள்ளியில் இந்த வயதில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு வருடம் என்ன பிரிவு, எந்தத் தொழிலுக்குப் பயிற்சி என்று மாணவர்களே எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். "எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் பாக்கட்டும், பாத்துட்டு அவளே எடுக்கட்டும்" என்றார் அண்ணன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் போட்ட திட்டமும் நல்ல திட்டம்தான். படம் எடுக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். "என்ன வேல பாக்குறீங்க? என் பொண்ணு ஒரு சனிக்கிழம வந்து பக்கத்துல நின்னு பாக்கலாமா?" கால் உடைந்து மேஜை மேல் படுத்துக் கிடப்பவர் முடியாது என்றா சொல்வார்? நான்கு மாதத்தில் பதினோரு சனிக்கிழமை. தச்சுப் பட்டறை, பேக்கரி, தையல்கூடம், கம்ப்யூட்டர் கம்பெனி, கல்யாண போட்டோகிராபர் என்று அந்தப் பெண் போகாத இடமில்லை. எந்த அப்பா இவ்வளவு செய்வார் என்று ஆஸ்பத்திரியே மெச்சியது. நானும் மெச்சினேன், பொய் சொல்வானேன்.

இதில் அவர் கவனிக்காத ஒன்று இருந்தது. அவர் பார்த்த தச்சர்கள் எல்லோரும் விரல் நசுங்கி வந்த தச்சர்கள். அவர் பார்த்த டிரைவர்கள் எல்லோரும் இடுப்பெலும்பு தேய்ந்த டிரைவர்கள். வேலை நன்றாக நடந்த நாளில், சந்தோஷத்தில், யாராவது எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வருவார்களா? இருபத்து மூன்று வருடமாக உலகத்தில் உள்ள அத்தனை தொழிலும் அவரிடம் அடிபட்டுத்தான் வந்திருக்கிறது. அதுதான் உலகம் என்று அவருக்குள் படிந்து போய்விட்டது.

அதனால் மகள் எங்கே போய் வந்தாலும் அதற்கு அவரிடம் ஒரு படம் தயாராக இருந்தது. தச்சு வேலையா, நடுவிரல் போயிடும். பேக்கரியா, தோள்பட்டை. கம்ப்யூட்டரா, இந்தக் கழுத்தைப் பார், இருக்க வேண்டிய வளைவே இல்லை. பயமுறுத்த அல்ல. அக்கறை. அந்த அக்கறையைத்தான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது சனிக்கிழமை ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் போனாள். போனவள் வீட்டுக்குப் போகாமல் நேரே என் கவுன்டருக்கு வந்தாள். உடம்பெல்லாம் சாண நாற்றம், சட்டைக் கையில் என்னவோ காய்ந்திருந்தது. "அத்த, கன்னுக்குட்டி குறுக்க மாட்டிக்கிச்சு. டாக்டரம்மா தோள் வரைக்கும் கைய விட்டாங்க. நான்தான் கயித்தப் பிடிச்சேன்." சாதாரணமாக நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத பெண் பத்து நிமிடம் பேசினாள். டோக்கனுக்கு நின்றவர்கள்கூட வலியை மறந்து கேட்டார்கள்.

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். முழுவதும் கேட்டார், சிரித்தார். பிறகு என் மேஜையிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை எடுத்து, பின்பக்கம் விலா எலும்புக்கூட்டை அழகாக வரைந்தார். "மாடு ஒதச்சா இங்க மூணு, இங்க ரெண்டு. அந்த டாக்டரம்மாவே அதுக்குத்தான் என்கிட்ட வந்தாங்க. சொல்லலையா?" அவள் சீட்டையே பார்த்தாள். "சொல்லலப்பா" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அவள் போன பிறகு, "அண்ணே, உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமா?" என்றேன். "உண்மையத்தானேம்மா சொன்னேன். தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார். கன்றுக்குட்டி பிழைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

படிவம் வந்த திங்கட்கிழமை அவருக்குத் தலைகால் புரியவில்லை. "வெறும் படிவத்துலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேம்மா. என்ன எழுதப் போறன்னு கேக்கக்கூட இல்ல. நான் பாக்கவே மாட்டேன்னு சொல்லிட்டேன்." பெரியப்பாவைப் பழிவாங்கிவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது. அன்று முழுக்க நோயாளிகளிடம் தேவைக்கு மேல் பேசினார்.

வியாழக்கிழமை காலை பள்ளியிலிருந்து அவர் போனுக்குச் செய்தி வந்தது. படிவம் கிடைத்தது, மாணவி தேர்ந்தெடுத்த தொழில், எக்ஸ்ரே டெக்னீஷியன், மாற்ற விரும்பினால் மாணவியே வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் நேரில் வந்து எழுதித் தர வேண்டும்.

பேயறைந்த மாதிரி வந்து போனை என் முன்னால் வைத்தார். நான் படித்து முடிப்பதற்குள் பின்னால் நின்ற வார்டு நர்ஸ் படித்துவிட்டார். அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் மாடி வரை போய்விட்டது. "அப்பா வழியில பொண்ணு! குடுத்து வச்சவர்தான் நீங்க." ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குலுக்கிய கையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார்.

ஆள் குறைந்ததும் என்னிடம் வந்தார். "வேணாம்னு சொன்னா நானும் பெரியப்பா ஆயிடுவேன். சொல்லலன்னா அவ இந்தக் கதவுக்குள்ள வந்துடுவா. நான் எந்தப் பக்கம் போறது?" "அண்ணி என்ன சொல்றாங்க?" என்றேன். "நீங்கதான பாக்க மாட்டேன்னு சொன்னீங்க, இப்ப பாக்காம இருங்கன்னு சொல்லிட்டா." அண்ணி துணிக்கடையில் துணி அளந்து வெட்டும் வேலை பார்ப்பவர். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான் என்று இருப்பவர். "நாளைக்கு அவள இங்க கூட்டிட்டு வாங்க. நீங்க காட்டாத எடம் இது ஒண்ணுதான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில், அவள் சீருடையோடு வந்தாள். பள்ளி பத்து நிமிட நடைதான். உள்ளே நோயாளி யாரும் இல்லாததால் கதவு திறந்தே இருந்தது. அவள் படமெடுக்கும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தாள். நான் டோக்கன் கட்டை எண்ணுவது போல உட்கார்ந்திருந்தேன்.

"இங்க ஜன்னல் இல்ல பாத்தியா?" என்று ஆரம்பித்தார்.

"பாத்தேன்."

"காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் இதே நாலு சுவர்." பிறகு, நான் பதினான்கு வருடமாகக் கேட்காததை அவர் சொன்னார். "எனக்கு இந்த வேல பிடிக்காதும்மா. ஒரு நாள்கூடப் பிடிச்சதில்ல."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா எழுதின?"

"தெரிஞ்சுதான்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பிடிச்சிருக்குன்னு நான் சொன்னது எல்லாத்துக்கும் நீங்க ஒரு எலும்பு காட்டுனீங்க. அதுக்கப்புறம் எத நெனச்சாலும் அந்த எலும்புதான் வருது. பிடிக்காதது ஒண்ணா இருந்தா, அதுல கெட்டுப் போக ஒண்ணும் இல்லல்ல?"

"உனக்குப் பிடிச்சதச் சொல்லு. இப்பவே போய் மாத்திடலாம். நேரம் இருக்கு."

"சொல்றேன்னே வைங்க. சொன்ன உடனே உங்க கண்ணு முன்னாடி ஒரு படம் வருமா, வராதா? உண்மையச் சொல்லுங்கப்பா."

வராதுன்னு சொல்லுங்கண்ணே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு பொய். மழை பெய்கிறது என்று நான் சொல்லும் அளவுக்குச் சின்னப் பொய். அந்த மனிதருக்கு அது வராது.

"வரும்" என்றார்.

"அப்ப இதுவே இருக்கட்டும்பா."

அவள் மேஜையிலிருந்து இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, "வரேன் அத்த" என்று என்னைத் தாண்டிப் போனாள். மணி ஒன்று இருபது. அண்ணன் வாசல் வரை வந்து நின்றார்.

"போய்க் கூப்பிடுங்க" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "ஓடுங்கண்ணே, இன்னும் கேட்டத் தாண்டியிருக்க மாட்டா."

"கூப்பிட்டு என்னம்மா சொல்றது?"

சாக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அந்த இடத்தில் ஒரு அப்பா என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் அதை யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்து வாயைத் திறந்தேன், எனக்கும் வரவில்லை. ஒன்றரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் டோக்கன் கொடுத்தேன், அவர் உள்ளே போகாமல் என் பக்கத்திலேயே நின்றார். இரண்டு மணி ஆகும்வரை அங்கேயே நின்றார்.