அம்மா மாத்திரையை ஒடித்ததும் எனக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்ததும்

இந்த நாட்டில் ஒரு டாக்டரை உட்காரவைத்து, யோசிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நானும் முதலில் நம்பவில்லை. ஓஹையோவில் ஒரு மருத்துவமனையில் ரெசிடென்ட்டாக, அதாவது மேற்படிப்புப் பயிற்சி மருத்துவராக, ஓடிக்கொண்டிருந்தவள் நான். ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரு நாள் காலையில் அலுவலகத்து லிண்டா வார்டிலிருந்து என்னைக் கூப்பிடும் பேஜரை வாங்கி மேசைக்குள் பூட்டினார். ஒரு மாதம் வார்டு பக்கமே போகக்கூடாது; நல்ல கேள்வி ஒன்றோடு வந்தால் ஓராண்டுப் பயிற்சிக்கு நிதி; இல்லாவிட்டால் பழையபடி வார்டு.

"இது உங்களுக்குப் பாதுகாக்கப்பட்ட நேரம்" என்றார்.

"யாரிடமிருந்து பாதுகாப்பு?"

"நோயாளிகளிடமிருந்து" என்றார், சிரிக்காமல்.

ஊரில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பேராசிரியரிடம் ஒரே ஒரு முறை கேள்வி கேட்டேன். அந்த வாரம் முழுக்கப் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலை எனக்கே வந்தது. அப்படி வளர்ந்தவளை நிதி கொடுக்கும் ஐந்து பேர் குழு முன் உட்காரவைத்து, "உங்கள் கேள்வி என்ன?" என்று கேட்டால்? ஏதாவது சந்தேகம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள் என நினைத்து, "மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றேன். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். பிறகுதான் விஷயம் புரிந்து, இன்னும் ஒரு வாரம் கொடுத்தார்கள்.

பசுவந்தனையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, இப்போது நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்றேன்.

"ஏட்டி, வேலைய விட்டு நிறுத்திட்டாவளா? யாருக்கும் ஊசிய மாத்திப் போட்டுட்டியா?"

எவ்வளவு விளக்கியும் பயனில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சர்ச்சில் வேலையிழந்த சகோதரிக்காக ஜெபம் நடந்தது. கவலையில் அம்மாவுக்கு பிரஷர் ஏறியது.

"மாத்திரை போடுதியாம்மா?"

"போடுதேன். ஒடிச்சுப் பாதி பாதியாப் போடுதேன். முழுசாப் போட்டா வெரசாத் தீந்துருது. உளுந்துக்குக் களையெடுக்க ஆள் விட்டுட்டு, மாத்திரை வாங்கக் கோவில்பட்டிக்கு பஸ் ஏற முடியுமா?"

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"அவிய கேக்கலயே."

அவர்கள் மட்டுமா கேட்கவில்லை? டாக்டர் மகள் நானும்தான் கேட்கவில்லை. வெட்கத்தோடு அதையே கேள்வியாக எழுதினேன்: எத்தனை பேர் இப்படிச் சொல்லாமல் மாத்திரையைக் குறைக்கிறார்கள், ஏன்? குழு நிதி கொடுத்துவிட்டது. இங்கும் நம் கரிசல் பக்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம் என்றது.

"நான் மாத்திரைய ஒடிக்கதுக்கு உனக்குச் சம்பளமா?" என்றாள் அம்மா. "அப்ப முழுசாப் போட்டா உன் வேலை போயிருமே."

ஒருவழியாக முழு மாத்திரைக்குச் சம்மதிக்க வைத்தேன். தமிழ்க் கேள்வித்தாளை முதலில் போனில் அவளிடமே வாசித்துப் பார்த்தேன். 'மருந்தளவைச் சுயமாகக் குறைத்ததுண்டா?' என்றதும், "இது தாலுகா ஆபீஸ் தமிழ்லா. மாத்திரைய ஒடிச்சுப் போடுதியளான்னு கேளு" என்று திருத்தினாள். கடைசிக் கேள்வி: பக்கத்தில் நீங்கள் நம்பிக் கேட்கக்கூடிய டாக்டர் இருக்கிறாரா?



"எம் மவ இருக்கான்னு போடு. பக்கத்துலயான்னு கேட்டா இல்லன்னும் போடு."

திரையில் ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். 'ஆம்' வட்டத்தைத் தொட்டேன். இல்லையைத் தொட்டேன், ஆம் அழிந்தது. மறுபடி 'ஆம்' வட்டத்தைத் தொட்டேன், இல்லை அழிந்தது.

"போட்டுட்டியாட்டி?" என்றாள் அம்மா.

"போட்டுக்கிட்டே இருக்கேம்மா" என்றேன்.