கண்ணாயியின் காய்ந்த மூட்டை

கொல்லிமலை வாழவந்தி நாட்டுக் கண்ணாயிக்கு முப்பது வயதிருக்கும். அவள் கணவன் மாணிக்கம் காட்டில் கரி மூட்டம் போடுபவன். விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நாள்கணக்கில் புகைய விடுவான். வெந்த கரியை அவள் தலையில் சுமந்து காளப்பநாயக்கன்பட்டி பஸ் கம்பெனி குடோனுக்கு இறங்குவாள். உலகச் சண்டையால் பெட்ரோல் அருகி, நாமக்கல் பஸ் கரி வாயுவில் ஓடத் தொடங்கிய இந்த இரண்டு வருடத்தில் அவள் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. துப்பினால் எச்சிலும் கறுப்பு.

அந்த பஸ்ஸைப் பற்றி நான் கல்லூரி மலரில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பி.ஏ. முடித்தவன் எழுதியது என்று அப்பா அதை ஊரெல்லாம் காட்டினார். பெட்ரோல் கப்பலில் வரவேண்டும். கரி நம் மலையிலேயே கிடைக்கிறது. கரி வண்டி கிளம்ப அரைமணி ஆகும், மேட்டில் திணறும். ஆனாலும் கரியே மேல் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தேன். மூட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றவுமில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை, வேலை கேட்கும் இடத்தில் காட்ட அந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டியில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மூங்கிலில் கம்பளி கட்டி மாணிக்கத்தை இரண்டு பங்காளிகள் தூக்கி வந்தார்கள். முந்தின நாள் மூட்டத்தில் விட்ட விரிசலை அடைக்க மேலே ஏறியவனின் ஒரு கால், மண் உள்வாங்கி முழங்கால்வரை நெருப்புக்குள் போயிருந்தது. வாழையிலை சுற்றிய காலின் நாற்றம் அவனுக்கு முன்பே பஸ்ஸுக்குள் வந்தது. பின்னால் கண்ணாயி, தலையில் மூட்டையோடு.

"அக்கட்டால கொண்டு போ! உள்ள வெள்ளத் துணிக்காரங்க உக்காந்திருக்காங்க. மேல கரி மூட்டையோட படுக்கப் போடு" என்றார் கண்டக்டர் சாமியப்பன்.

"மழை பெய்யுதுங்களே. காலு வெந்து கெடக்குதுங்க. ஆசுபத்திரிக்குப் போவோணுங்க" என்றாள் கண்ணாயி.

"வெந்தத நனைச்சா நல்லதுதானே?" என்று உள்ளிருந்து ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

டிரைவர் அர்த்தநாரி பஸ்ஸின் பின்புற இரும்பு உலைக்குக் காற்று ஊதும் கைச்சக்கரத்தைச் சுற்றினார். கூரைமேல் இருந்த கரி எல்லாம் நனைந்து போயிருந்தது. உலை மஞ்சள் புகையைக் கக்கியது. அழுகின முட்டை நாற்றம். முன்சீட்டுக்காரர் ஜன்னலில் வாந்தி எடுத்தார். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

டிரைவரின் பார்வை கண்ணாயியின் மூட்டைமேல் விழுந்தது. தான் நனைந்து, மூட்டைக்குத் தன் கம்பளியைப் போர்த்தியிருந்தாள். அவர் இரண்டு கரியை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்றது.

"காஞ்ச கரி. கொட்டு சாமியப்பா."

கண்ணாயி மூட்டையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் கரி உள்ள போவோணும்னா, என்ற ஊட்டுக்காரரும் உள்ள போவோணுமுங்க."

"அது கம்பெனிக் கரி, புள்ள!" என்றார் சாமியப்பன்.

"குடோன்ல போட்டாத்தானுங்க கம்பெனிது. இன்னும் போடலீங்களே."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்று டிரைவர் சிரித்தார். "ஏத்துப்பா அவன."

சாமியப்பன் முகம் சுளித்தார். "சீட்டுல எதையாச்சும் விரிக்கோணுமே." என் கையைப் பார்த்தார். "தம்பி, அந்தப் பொஸ்தகத்தக் குடுங்க."

நான் மலரை மார்போடு அணைத்துக்கொண்டேன். "இதுல முக்கியமான விஷயம் இருக்குதுங்க" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது. ஒற்றைக்காலில் கதவைப் பிடித்து நின்ற மாணிக்கம் என்னைப் பார்த்தான். கண்ணாயி ஈரக் கம்பளியை மூட்டையிலிருந்து உருவி என் பக்கத்துச் சீட்டில் விரித்தாள்.

காய்ந்த கரி உலைக்குள் போனதும் வண்டி கிளம்பியது. அவள் படியில் நின்றாள். சேந்தமங்கலம் தாண்டிய ஒரு குலுக்கலில் மாணிக்கம் என்மேல் சாய்ந்தான்.

"சாமி, வேட்டியில கரி பட்டுருச்சுங்களே!" என்று பதறி அவள் கையாலேயே துடைத்தாள். கறை இன்னும் பரவியது. பரவாயில்லை என்றேன். நாமக்கல்லில் இறங்கியதும் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினேன்.

அன்று கட்டுரையைப் படித்த அதிகாரி, "எதையுமே விடலையே!" என்று பாராட்டினார். மூட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வேலையை நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாணிக்கத்தின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. இப்போது மூட்டத்தின்மேல் கண்ணாயி ஏறுகிறாள்.