சீட்டிக்கு நஷ்டஈடு

காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து செய்வது என் வேலை. மரத்தில் ஏறி, செடிகளுக்கு வெளிச்சம் இறங்குகிற அளவுக்குக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் என் அளவுக்கு உயரம் ஏறுகிறவன் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போய்விடும்.

ஏறுவதைவிட எனக்குப் பெருமை என் சீட்டிதான். மரத்துக்குக் கீழே பெண்கள் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பனி இறங்கிவிட்டால் மேலே இருப்பவனுக்குத் தரை தெரியாது, கீழே இருப்பவர்களுக்கு மரமே தெரியாது. அதனால் ஒவ்வொரு கிளையை வெட்டும் முன்பும் சீட்டி அடிக்க வேண்டும். ஒரு கை மரத்தில், ஒரு கை அரிவாளில். விரலை வாயில் வைக்க வழியில்லை, உதட்டாலேயே அடிக்க வேண்டும். கத்திச் சொன்னால் போதாதா என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். தோட்டத்தில் எல்லோரும் எந்நேரமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதை யார் சட்டை செய்வது. எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்பிச் செடிகளுக்குள் நின்று யாரும் சும்மா சீட்டி அடிக்கக் கூடாது. கல்யாணமாகாத பையன்கள்கூட அடிக்க மாட்டார்கள். சீட்டி கேட்டால் கிளை வருகிறது, நகர வேண்டும், அவ்வளவுதான். நான் கழித்த கிளையால் கீழே ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

விழுந்தது எனக்குத்தான். ஒரு நாள் வெட்டின சில்வர் ஓக் கிளை கீழே போகாமல் மிளகுக் கொடியில் மாட்டிக்கொண்டது. தொங்கி ஆடித் திரும்பி வந்து, வெட்டுப்பட்ட முனையால் என் இடது கன்னத்தைக் கிழித்தது. இடுப்பில் கயிறு இருந்ததால் உயிர் தப்பினேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். கடைவாயை இழுத்துப் பிடிக்கிற தசை அறுந்துபோயிருக்கிறது, சேர்த்துவிட்டோம், பழையபடி வேலை செய்யுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தையல் பிரித்த பிறகு காப்பி குடித்தால் இடது ஓரமாக வழிந்தது. அது போகட்டும். உதட்டைக் குவித்து ஊதினேன். காற்று ஓரமாக ஓடிப்போனது, சத்தம் வரவில்லை. அன்றைக்கு அழுதேன்.

ஆஸ்பத்திரிச் செலவை எஸ்டேட் கொடுத்தது. நஷ்டஈடு கேட்டபோதுதான் வினை வந்தது. கையும் காலும் நன்றாக இருக்கின்றன, முகத்தில் பட்ட அடியால் வேலைக்கு இழப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வேலையில் பாதியே வாயில்தான் இருக்கிறது. சேலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து, தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை உப்ப வேண்டும், உதட்டைக் குவிக்க வேண்டும், தண்ணீருக்குள் உறிஞ்சுகுழாயை விட்டு ஊத வேண்டும். என் மனைவியின் அண்ணன் ஒருநாள் வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க மாப்ள இதெல்லாம்? கேஸ் முடியற மட்டும் வாய் கோணையாவே இருக்கட்டும். சரியாயிருச்சுன்னா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் பயமாக இருந்தது.

என் மனைவி விடவில்லை. "நீ உன்ற வேலையப் பாருண்ணா. கேசுக்காக வாய விட்டற முடியுமா?" என்றாள். தினமும் காலையில் கண்ணாடியைக் கொண்டுவந்து என் எதிரே வைத்துவிட்டு, தானும் கன்னத்தை உப்பிக் காட்டுவாள். அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தே பாதித் தசை வேலை செய்ய ஆரம்பித்தது.

விசாரணை வந்தது. பனியையும் சீட்டியையும் எங்கள் வக்கீல் விளக்கிச் சொன்னார். "இப்பத்தான் நல்லாப் பேசறாரே, சீட்டியும் வந்திருக்கும்" என்றார் எஸ்டேட் வக்கீல். அதிகாரி என்னைப் பார்த்து, "எங்க, அடிச்சுக் காட்டுங்க" என்றார்.

சீட்டி வந்தால் கேஸ் போய்விடும். காற்றை மட்டும் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மச்சான் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் சீட்டியில் நான் பொய் சொன்னதில்லை. உதட்டைக் குவித்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி அடித்தேன்.

வந்தது. மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு வந்து, பாதியில் அறுந்தது.

"வருதேங்க" என்றார் எஸ்டேட் வக்கீல்.

எஸ்டேட் பக்கம் சாட்சி சொல்ல எங்கள் ரைட்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆள்கணக்கு எடுக்க என் மரங்களுக்குக் கீழே தினமும் நடக்கிறவர். அதிகாரி அவர் பக்கம் திரும்பி, "பனி நேரத்துல இந்தச் சீட்டிய நம்பி நீங்க மரத்தடியில நிப்பீங்களா?" என்று கேட்டார்.

ரைட்டர் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நம்பி நிக்க மாட்டனுங்க. இவரோட பழைய சீட்டின்னா கண்ண மூடிட்டு நிப்பனுங்க."

சம்பளம் கொடுக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மனிதர் அதைச் சொன்னார். வேலைக்கு இழப்பு உண்டு, நஷ்டஈடு கொடுக்க வேண்டியதுதான் என்று அதிகாரி அங்கேயே சொன்னார். உத்தரவு பின்னால் வந்தது.

வெளியே வராந்தாவில் என் மனைவி காத்திருந்தாள். கேஸ் என்ன ஆனது என்று கேட்கவில்லை. "ஏனுங்க, உள்ளார சீட்டி கேட்டுச்சே. முழு மூச்சாத்தான அடிச்சீங்க?"

"முழு மூச்சாத்தான்" என்றேன். ரைட்டர் சொன்னதையும் சொன்னேன்.

களை எடுக்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. கல்யாணமான நாளிலிருந்து என் மரங்களுக்குக் கீழேதான் வேலை.

"அவராவது கண்ண மூடிட்டு நிப்பேங்கறாரு" என்றாள். "நாங்க அண்ணாந்து பாத்ததே இல்லீங்க."