வெட்டி ஒட்ட முடியாத ‘டென்’

அந்த ஆடியோவை அழித்தது நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. 2007-இல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் லாங்குவேஜ் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். ஹார்டு டிஸ்க்கைக் காலி செய்கிறேன் பேர்வழி என்று, மறுநாள் லிசனிங் டெஸ்டுக்கான ரெக்கார்டிங்கையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். அதைப் பேசிக் கொடுத்த இங்கிலீஷ் லெக்சரர் ஸ்டெல்லா மேடத்துக்குத் தொண்டைக் கோளாறு. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, கடலூர் வீட்டில் இருந்தார்.

விஷயம் தெரிந்தும் துறைத் தலைவர் எச்.ஓ.டி. சத்தம் போடவில்லை. “காலையில புள்ளைங்க ஹெட்போன மாட்டுனா சத்தம் வரணும். வரலன்னா நீயும் வராத” என்றார். என் வேலையோ தற்காலிகம்.

மேடத்தின் பழைய ரெக்கார்டிங்குகள் நிறைய இருந்தன. சொல் சொல்லாக வெட்டி ஒட்டினால் வாக்கியம் வந்துவிடாதா? ‘டென் ஆப்பிள்ஸ்’ வேண்டும். ‘டென் பாய்ஸ்’ என்பதிலிருந்து டென்னை வெட்டி ஆப்பிள்ஸுக்கு முன்னால் வைத்தேன். ‘டெம் ஆப்பிள்ஸ்’ என்றது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து, ‘டென் கப்ஸ்’ இருந்த இடத்திலிருந்து வெட்டினேன். இப்போது ‘டெங்’. ஒரே ஆள், ஒரே சொல், வாக்கியத்துக்குள் கேட்டால் ஒரு குறையும் இல்லை. தனியே எடுத்தால் வேறொன்று. எனக்குப் பயமாகவே இருந்தது.

மதிய பஸ்ஸில் கடலூர் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சத்தமில்லாமல் சிரித்துவிட்டுத் துண்டுத்தாளில் எழுதினார்: “அண்ணே, ஃபைல் கெடல. பாய்ஸ்ல வர்ற பி-க்கு ஒதடு மூடணுமில்ல, அது டென் சொல்றப்பவே மூட ஆரம்பிச்சிடுது, ன் போய் ம் ஆயிடுது. பம்பரம்னு சொல்லுங்க.”

சொன்னேன். முதல் ப அழுத்தமாக வந்தது, ம்-முக்குப் பின்னால் வந்த ப மெத்தென்று வந்தது.

“ரெண்டும் ஒரே ப. ஏன் ரெண்டு மாதிரி வருது? யாரு கத்துக் குடுத்தா?”

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வருடமாக என் வாய் எனக்குத் தெரியாமல் செய்த வேலை அது. அடுத்த தாளில் “நீங்களே படிங்க” என்று எழுதினார். என் இங்கிலீஷ் காட்டுமன்னார்கோயில் இங்கிலீஷ் என்றேன். வாய் பார்த்துக்கொள்ளும் என்று சைகை காட்டினார்.

விடிந்ததும் மைக் முன்னால் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக உடைக்காமல், வாக்கியம் வாக்கியமாகப் படித்தேன். ‘டென் பாய்ஸ்’ வந்தபோது, நான் கேட்காமலே என் உதடு முன்கூட்டி மூடிக்கொண்டது.

டெஸ்ட் நடந்தது. வாசலில் நின்று கேட்ட எச்.ஓ.டி., “இதயும் அழிச்சிடாத” என்றார்.

அதன்பிறகு ஒரு சொல் பிசகினாலும் முழு வாக்கியத்தையும் திரும்பப் பேசச் சொல்லித்தான் ரெக்கார்டு செய்தேன். 2012-இல் அந்த வேலையை விட்டு வரும்போது, என் குரல் இன்னும் அந்த டிஸ்க்கில் இருந்தது.