தலைவர் வீட்டுக் கறுப்புக்கொடி

வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு இன்று சாயப்பட்டறையிலிருந்து கறுப்புத் துணி வந்தது. ரோலைப் பிரித்ததும் எழுந்த காரமான சாய வாசனை என்னை நான்காம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது அம்மா எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். கிணறுகளில் சாயத்தண்ணீர் இறங்கி, வடித்த சோறே சிவந்து கிடந்தது. மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்த ஊர், சுதந்திர தினத்தன்று வீடுதோறும் கறுப்புக்கொடி கட்டுவதென்று முடிவெடுத்தது. கம்பெனிகளில் கழித்துப்போட்ட கறுப்புப் பனியன் துணியை அம்மாவே கொடிகளாக வெட்டினாள். வீடெல்லாம் இதே வாசனை.

சுதந்திர தினக் காலையில், கறுப்புக்கொடி கட்டிய எங்கள் வாசலில் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஏனுங்க, தேசியக் கொடி ஏத்தற தலைவரே ஊட்டுல கறுப்புக்கொடி கட்டலாமுங்களா? பதவிக்கே ஆபத்துங்க.”

அம்மா எங்கள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து அவர்முன் வைத்தாள்.

“வெயில்ல வந்திருக்கறீங்க. மொகம் கழுவிக்குங்க.”

அவர் குனிந்து பார்த்தார். கை வைக்கவில்லை.

“அந்தத் தேசியக் கொடி எங்களுதுங்க. அதுகிட்டச் சொல்லாம வேற யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க?” என்றாள் அம்மா.

பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்த் தேசியக் கொடியை ஏற்றினாள். பக்கத்தில் நின்று வணக்கம் வைத்த தாசில்தார், கறுப்புக்கொடியைக் கழற்றச் சொல்லாமலே ஜீப்பில் ஏறிப்போனார். அடுத்த வாரமே ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது.

கிணறு இன்னும் தேறவில்லை. அம்மாவுக்கு இப்போது பதவியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் பள்ளிக்கூடத்தில் கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்து, வாசலில் கறுப்புக்கொடியைக் கட்டுகிறாள்.