முளைக்குச்சிக்கு வந்த காய்ச்சல்

எழுதிப் பழக்கமில்லாத கை. நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஞாபகமும் முன்போல் இல்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏழோ எட்டோ வயது. தம்பிக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினாப் பொடியைக் கசப்பு தாளாமல் துப்பிவிடுவான், அம்மா அழுவாள். அப்போதுதான் ஆனைமலைச் சந்தையில் ஒரு மருந்துக்காரர் கூடாரம் போட்டிருந்தார். அம்மா எங்கள் இருவரையும் அவரிடம் கூட்டிப்போனாள்; அத்தையும் எங்களோடு வந்தாள்.

அவர் தம்பியின் உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். தண்ணீர்போல் தெளிந்த மருந்தை அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"காய்ச்சலோட வெசம் வெளிய வருது பாருங்க. இனி அந்த வெள்ளைக்காரன் பொடியத் தொடாதீங்க. ரெண்டும் சேந்தா உசுருக்கே ஆபத்து."

அம்மா அவரைக் கும்பிட்டாள். இடுப்பில் செருகியிருந்த கொயினாப் பொட்டலத்தை எடுத்து வீசப் போனாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, என்ற கையிலயும் ஒரு சொட்டு உடுங்க."

"அம்மணிக்குத்தான் காய்ச்சலே இல்லீங்களே?"

"அதுக்குத்தானுங்க கேக்கறேன்."

கூட்டம் விடவில்லை. அத்தை கைக்கும் மஞ்சள் பூசிச் சொட்டு விட்டார். அதுவும் சிவந்தது.

"இது உள்காய்ச்சலுங்க" என்று சமாளித்தார்.

அத்தை மீதி மஞ்சளை வழித்துக் கூடாரத்து முளைக்குச்சியில் அப்பினாள். "இதுக்கும் உள்காய்ச்சலான்னு பாத்துப்போடலாமுங்க" என்று சீசாவை வாங்கி அவளே ஊற்றினாள். குச்சியும் சிவந்தது.

"அட, ஆரத்திக்குக் கலக்கற சுண்ணாம்புத் தண்ணி!" என்றார் ஒரு பெரியவர். "அப்பிடியே வெத்தலயும் குடுத்தா போட்டுக்கலாமுங்க!"

சந்தையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மரத்துக்குள் ஒளிந்திருக்கும் காய்ச்சலைக்கூடக் காட்டும் மருந்தா என்று வாய் பிளந்து நின்றேன். அம்மா அங்கேயே தம்பியை மடியில் போட்டு, மூக்கைப் பிடித்துக் கொயினாவைப் புகட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் எருமை கட்டும் முளைக்குச்சியைத் தொட்டேன். வெயிலில் கொதித்துக் கிடந்தது. ஐயோ, நம் குச்சிக்குமா! பொட்டலத் தாளில் ஒட்டியிருந்த கொயினாவை எடுத்துவந்து அதன்மேல் தடவினேன். பொழுது சாய்ந்தபின் தொட்டால் சில்லென்றிருந்தது. கொயினா கேட்டுவிட்டதே என்று அசந்துபோனேன்.

சந்தை ஆனைமலையிலா, பொள்ளாச்சியிலா என்பதில் இப்போது சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள். என் பேச்சை மட்டும் நம்பிவிட வேண்டாம்.