கலையரசி ஏறிய மலையும் ஒரு பொட்டலம் மாத்திரையும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தால் பெரிய விஷயம். அன்று நாற்காலி போதவில்லை.

காரணம், சைக்கிள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பழைய மாணவர் புண்ணியத்தில் எட்டு ரேஸ் சைக்கிள்கள் வந்து இறங்கியிருக்கின்றன. ஓட்டுவதற்குப் பெண் பிள்ளைகள் ரெடி. சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை. ஹெச்.எம். ஒரு பெயரைச் சொன்னார் — கலையரசி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தனியார் அணி ஒன்றில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டியவள். எங்கள் பகுதியில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

“யாரு சார், மாத்திரைக் கலையா?” என்றார் பின் வரிசையில் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

ஹாஜா பாய் சிரிக்கவில்லை. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பல வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். அந்த எட்டுச் சைக்கிளில் ஒன்று அவர் மகளுக்கு. எழுந்து வந்து, தன் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு ஹெச்.எம். மேஜைமேல் வைத்தார். பிரான்ஸ் நாட்டு மலைப் பந்தயம். ஒரு வீரர் மற்றவர்களை எல்லாம் உதறிவிட்டுத் தனியாக ஏறிக்கொண்டிருந்தார்.

“குவைத்துல ரூம்ல எல்லாருமா உக்காந்து இதப் பாத்தோம் சார். நான் அழுதுட்டேன். மனுசன்னா இப்படி இருக்கணும்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பறம் பாத்தா அத்தனையும் மருந்துங்கிறாங்க. அன்னைலேருந்து எவன் மலை ஏறுனாலும் எனக்குச் சந்தேகந்தான் வருது.”

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கலை மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா எம்புள்ளய எப்படி நம்பி விடறது... அத மட்டும் சொல்லுங்க.”

நியாயமான கேள்விதானே?

ஹெச்.எம். என் பக்கம் திரும்பினார். “நீங்க அந்தப் பொண்ணுக்குப் பக்கத்து ஊரு டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்தது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. எழுந்தேன். “கலை நல்ல பொண்ணு” என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான்... மூன்று வார்த்தை. பத்திரிகையில் வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவளுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

முடிவைப் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் சைக்கிள் பைத்தியம் தெரியும். கல்லூரி விடுதியில் மற்றவர்கள் சீரியல் பார்த்தபோது நான் போனில் மலைப் பந்தயம் பார்த்தேன். மூடுபனிக்குள் தனியாக ஏறிய ஒருவர். முந்தின நாள் துவண்டு போய், மறுநாள் எழுந்து எல்லோரையும் விரட்டிப் பிடித்த இன்னொருவர். பார்க்கப் பார்க்க மயிர்க்கூச்செறியும். பிறகு ஒவ்வொருவராக மாட்டினார்கள். இங்கே ஒருமுறை கோபமாக எழுதினேன் — ‘ஏமாற்றுக்காரர்களின் வீடியோக்களை அழித்துவிடுங்கள், பார்ப்பதே பாவம்’ என்று. நிறையப் பேர் பாராட்டினீர்கள்.

தூரத்தில் இருக்கிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சுலபம்!

கலையரசிக்கு வருகிறேன். பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு இளையவள். அரசு கொடுத்த இலவச சைக்கிளில் ஆரம்பித்தவள். நம் ஊர் வயல் தெரியுமல்லவா? தட்டையாகக் கிடக்கும். மலைக்கு எங்கே போவது? ரயில்வே மேம்பாலம்தான் அவளுக்கு மலை. கேரியரில் அரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு காலையில் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். ரோட்டில் நெல் காயவைக்க வந்தவர்கள் விடுவார்களா? “ஏம்மா, கொள்முதல் நிலையம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இன்னும் முடிவு பண்ணலியா?” என்று கேட்பார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள்.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு அணி கூப்பிட்டது. சைக்கிள் ஓட்ட மாதச் சம்பளம். அவள் அப்பா அதை நம்புவதற்கே இரண்டு மாதம் ஆனது.

மூன்று வருடத்துக்கு முன்னால், மேற்கே ஒரு மலை ஊரில் பெரிய பந்தயம். பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்த கலை, இங்கிருந்தே அதற்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். கிளம்பும் அன்று காலை, பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு உடம்பெல்லாம் வலி. லேசாகக் காய்ச்சல் வேறு. “இருடி” என்று எதிரே இருந்த மெடிக்கலுக்கு ஓடினேன். “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே. மூணு நாளைக்கு.”

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு ‘செட்’ என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடைக்காரர் மூன்று நான்கு டப்பாவைத் திறப்பார். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் பாதி. துண்டுப் பேப்பரில் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. நடவுக் காலத்தில் எங்கள் தெருவே அதை விழுங்கிவிட்டுத்தான் வயலில் இறங்கும். என் அம்மா அதில்தான் நாற்று நட்டாள். அதில்தான் என்னைப் படிக்கவைத்தாள். இடையில் அவள் முகம் உப்பியது. சதை போட்டிருக்கிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

கலை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

“அக்கா, இதுல என்னென்ன இருக்கு? எதப் போட்டாலும் டீம் டாக்டர்கிட்ட பேரச் சொல்லணும்க்கா.”

இங்கேதான் நான் அந்தப் பெரிய தவறைச் செய்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடிக்கடி சொல்வேன். தேவையில்லாத இடத்திலும் சொல்வேன். தெருவில் யாருக்கு லெட்டர் வந்தாலும், யார் மருந்துச் சீட்டு வாங்கி வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட என்னிடம் ஒருத்தி ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கிறாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததா?

“எங்கம்மா இருவது வருஷமா இதத்தான் போட்டுக்கிட்டு நடுது. அதுக்கு என்ன ஆயிடுச்சு? நான் சொல்றேன்ல, போடு.”

போட்டாள். படித்த அக்கா சொல்கிறாளே. பந்தயத்தன்று காலை, இட்லிக்குப் பிறகு, கடைசி வேளையையும் நான்தான் கையில் கொடுத்தேன்.

அன்று அவள் ஏறியதை எப்படிச் சொல்ல? பாதி மலைவரை கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். ஒரு வளைவில் சீட்டிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் உட்காரவே இல்லை. தோள் ஆடவில்லை, தலை தொங்கவில்லை. பின்னால் ஒவ்வொருத்தியாக உதிர்ந்தார்கள். மேம்பாலத்தைத் தவிர வேறு மேடு பார்க்காத பெண், மலையிலேயே பிறந்தவர்களை எல்லாம் தாண்டி வந்து முதல் ஆளாக எல்லைக் கோட்டைத் தொட்டாள். நான் ரோட்டோரம் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அடுத்த வாரம் இதே பக்கத்தில் எழுதினேன். நினைவிருக்கும் உங்களுக்கு.

சில வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. சிறுநீரில் ஸ்டீராய்டு — அம்மாவின் முகத்தை உப்பவைத்த அதே சரக்கு. பொட்டலத்தில் இருந்த ஏதோ ஒரு மாத்திரை. வெள்ளையா, ரோஸா — இன்றுவரை தெரியாது.

விசாரணையில் எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள். ‘பஸ் ஸ்டாண்ட் மெடிக்கலில் நானே வாங்கினேன்’ என்றிருக்கிறாள் கலை. உடம்புக்குள் போகும் எதற்கும் வீரர்தான் பொறுப்பு என்பது அங்கே சட்டம். வெற்றி ரத்து. இரண்டு வருடம் பந்தயத்தில் ஓட்டத் தடை. அணி கைகழுவியது.

ஊருக்கு வந்தவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “உங்க பேர நான் சொல்லலக்கா. நீங்க டீச்சரு.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும். நான் என்ன செய்தேன்? பெருமூச்சு விட்டேன். நிம்மதிப் பெருமூச்சு! அதோடு நிறுத்தினேனா... அந்த மாதமே இங்கே ‘இளைஞர்களே, ஊக்கமருந்து வேண்டாம்’ என்று அறிவுரை வேறு எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே கேவலமான பத்தி அதுதான்.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் தன் பொட்டலத்திலிருந்து ஒரு வேளையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, “அந்த மாத்திரைய நானுந்தான் இத்தினி வருஷமாத் திங்கிறேன். நான் எந்த மலைய ஏறுனேன்?” என்றாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கலையைப் பார்க்கப் போனேன். ஓர் உரக்கடையில் பில் போடுகிறாள். கூட்டத்தில் நடந்தது அவள் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். ஒருவருக்குப் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“மூணு வருஷம் கழிச்சு எழுதி என்னக்கா ஆவப் போவுது?”

மன்னித்துக்கொள் என்றேன். அதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

“நீங்க குடுத்தீங்கன்னு சொன்னா, ‘உனக்கு எங்க போச்சு புத்தி’ன்னு கேப்பாங்க. எனக்கு ரூல் தெரியும்லக்கா. கேட்டேன்ல. கேட்டுட்டுத்தான போட்டேன்.”

பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பதக்கம்லாம் போவட்டும். அன்னைக்கு அந்த வளைவுல எந்திரிச்சது நானா, மாத்திரையா? அது மட்டும் எனக்குத் தெரியவே இல்லக்கா. அந்த வெளிநாட்டு ஆளுங்களுக்காவது தாங்க என்ன பண்ணோம்னு தெரியும். எனக்கு அதுவும் இல்ல.”

அதற்குப் பதில் எந்த டாக்டரிடமும் இருக்காது. மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், ஜெயிக்கக்கூடச் செய்யலாம். ஆனால் அந்தக் காலை, அந்த வளைவு, அந்த உடம்பு... அது திரும்பாது. ஹாஜா பாய் இழந்தது, அவர் ரசித்த ஒரு காட்சியை. கலை இழந்தது, தன் வாழ்க்கையிலேயே பெரிய நாளை. அந்த நாள் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியாமல் செய்துவிட்டேன்.

கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னாள். “எழுதுறதுன்னா எழுதுங்க. ‘பாவம் கலை’ன்னு மட்டும் எழுதிறாதீங்க. கடுப்பாவும்.”

எழுதவில்லை.

ஹாஜா பாய், நீங்கள் இந்தப் பத்தியைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. கலை உங்கள் மகளிடம் முதலில் சொல்லப்போவது, பெயர் தெரியாத எதையும் விழுங்காதே என்பதாகத்தான் இருக்கும். யார் கொடுத்தாலும், டீச்சரே கொடுத்தாலும். அதை அவளைவிட அழுத்தமாகச் சொல்ல இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. புதன்கிழமை யோசிக்கும்போது, அவளிடம் பிள்ளையை விடலாமா என்பதோடு, என் வகுப்பில் விடலாமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

‘மாத்திரைக் கலை’ என்று இனி யாரும் சொல்ல வேண்டாம் — மாத்திரையை வாங்கியவள் பெயர் இந்தப் பத்தியின் தலையிலேயே, எழுதுபவர் என்ற இடத்தில் அச்சாகியிருக்கிறது.